மூட்டு இல்லாத முழங்கால்

இதை எழுதும் இந்த நேரத்தில் என் வலது முழங்காலுக்குள் மூட்டு இல்லை. பிறவியில் வந்ததும் இல்லை, பிறகு வைத்ததும் இல்லை. மூட்டு இருந்த இடத்தில் மருந்து கலந்த சிமெண்டுக் கட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கால் மடங்காது. தொடையிலிருந்து கணுக்கால் வரை பட்டை போட்டு இறுக்கியிருக்கிறார்கள். கட்டிலில் காலை நீட்டி, மடியில் பலகை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பத்தாம் வகுப்புத் தமிழ்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்க முடியாதவர்கள் எழுந்து போகலாம். உங்களுக்குத்தான் எழுந்து போக முடிகிறதே.

மூட்டு மாற்றிக்கொண்டு சுகமாக நடந்துகொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படிக்கவேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். நானும் அப்படி நடந்தவள்தான்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் தோட்டம். தென்னை, கொஞ்சம் காய்கறி, மாடுகள். சரசு என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும், வாய் நீளம் என்பதும் தெரியும். முதல் மூட்டு வைத்துச் சில வருடம் ஆகியிருந்தது. அது பொன்னான மூட்டு, குறை சொல்லமாட்டேன். வைத்த பிறகு பாத்தி பாத்தியாக நடந்து தண்ணீர் கட்டினேன், நோம்பி, திருவிழா என்றால் கோவிலைச் சுற்றினேன்.

போன வருடக் கடைசியில் நாற்காலியிலிருந்து எழுந்தால் முதல் இரண்டு மூன்று அடிகள் உயிர் போகும். அதற்குப் பிறகு சரியாகிவிடும். சரியாகிவிடுகிறதே என்று யாரிடமும் சொல்லவில்லை. பிறகு உட்கார்ந்திருந்தாலும் வலித்தது. ஒரு நாள் முழங்காலில் கை வைத்துப் பார்த்தேன், அப்போதுதான் பால் கறந்த சொம்பைத் தொட்டதுபோல வெதுவெதுவென்று இருந்தது. இடது காலைத் தொட்டால் குளுகுளுவென்று இருக்கிறது. மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டேன். வலி மாத்திரையோடு ஏதோ கிருமி மாத்திரையும் கொடுத்தான். இரண்டு நாள் குறையும், விட்டால் திரும்ப வரும்.

என் மகள் கவிதா பாலக்காட்டில் பள்ளிக்கூட டீச்சர். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் நான் எழுந்து நடப்பதைப் பார்த்துவிட்டாள். மறுநாளே லீவு போட்டு என்னையும் அவள் அப்பாவையும் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

எலும்பு டாக்டர் ஒரு பெண். மலையாளி, ஆனால் எங்களோடு தமிழ் பேசினார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அம்மா, இது கண்டோ? எலும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவில ஒரு கறுத்த கோடு. பண்டு எடுத்த எக்ஸ்ரேல இது இல்ல. மூட்டு இளகியிருக்கு."

செயற்கை மூட்டை எலும்போடு சிமெண்டு வைத்துத்தான் ஒட்டுகிறார்கள். வீடு கட்டும் சிமெண்டு அல்ல, எலும்புக்கென்றே உள்ளது. அந்த ஒட்டு விட்டுப் போனால் மூட்டு உள்ளே ஆடுகிறது. ஆடுவதால்தான் எழுந்தவுடன் வலி. ஏன் விட்டது என்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாமாம். ஒன்று, நாள்பட்டுத் தேய்ந்து தானாக இளகுவது. இன்னொன்று, உள்ளே கிருமி புகுந்து இளக்குவது. அதை மலையாளத்தில் அணுபாதை என்கிறார்கள், அணு என்றால் கிருமி.

"ரெண்டுக்கும் எக்ஸ்ரே ஒரே மாதிரி இருக்கும். வைத்தியம் ஒரே மாதிரி இல்ல," என்றார். "அதனால முதல்ல மூட்டுக்குள்ள இருந்து ஊசியில தண்ணி எடுத்துப் பார்க்கணும். நீங்க அணுவுக்கு மாத்திரை சாப்பிட்டிட்டிருக்கு. அதை நிறுத்தி ரெண்டு வாரம் கழிஞ்சு வாங்கோ. இப்ப எடுத்தா அணு ஒளிஞ்சுக்கும், கேட்டோ."

"கிருமி இல்லீனா?" என்று கேட்டேன்.

"திறந்து, பழையதை எடுத்திட்டு வேற மூட்டு வெக்கணும். முதல் ஆபரேஷனைவிடப் பெரிசு."

"இருந்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இருந்தா ரெண்டு ஆபரேஷன். நல்லா நோக்கலைன்னா கால் மடக்க முடியாம போகும். ரொம்ப மோசமாப் போனா முட்டிக்கு மேல காலையே எடுக்க வேண்டி வரும். பயப்படுத்தச் சொல்லல அம்மா, அறிஞ்சிருக்கணும்னு சொன்னேன்."

என் வீட்டுக்காரர் பழனிச்சாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "தெறக்காம முடியாதுங்களா?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. அவருடைய அண்ணன் சாதாரணக் குடலிறக்க ஆபரேஷனுக்கு உள்ளே போனவர், திரும்ப வரவில்லை. அன்றிலிருந்து ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டாலே மனிதர் வெளிறிப் போவார். என் முதல் ஆபரேஷனின்போது ஆஸ்பத்திரி வாசலில் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் நின்றிருக்கிறார்.

மாத்திரையை நிறுத்தினேன். அந்த இரண்டு வாரம் இருக்கிறதே, அதுதான் எங்களைக் கெடுக்கப் பார்த்தது.

வலி கூடக் கூட வீட்டில் யோசனையும் கூடியது. பொள்ளாச்சியில் இருக்கும் பங்காளி ஒருவர் என் வீட்டுக்காரருக்குப் போனில் ஒரு வீடியோ அனுப்பினார். கோயமுத்தூரில் ஒரு கிளினிக். பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் அதற்கும் இரண்டு பேர் போவார்கள். இளகிப்போன மூட்டைத் திறக்கவே வேண்டாமாம். சின்னத் துளை போட்டு, ஊசி வழியாக எலும்புச் சிமெண்டை உள்ளே விட்டு, ஆடுவதை இறுக்கிவிடுவார்களாம். காலையில் போனால் சாயங்காலம் வீடு. வீடியோவில் ஓர் அம்மா மாடிப்படி ஏறிக் காட்டினார். இவர் அந்த வீடியோவைப் பார்த்தார், பார்த்தார், அப்படிப் பார்த்தார். பால்காரன் வந்து கூப்பிட்டது கூடக் காதில் விழவில்லை.

கவிதா போனில் கத்தினாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"அப்பா, தண்ணி எடுத்துப் பாக்கோணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. பாக்காம எவனோ சிமெண்ட் ஊத்தறேங்கறான், நீங்களும் சரிங்கறீங்க?"

"உனக்கென்ன கண்ணு தெரியும்? உங்க பெரியப்பன் சிரிச்சுட்டேதான் உள்ள போனான்."

"அது வேற, இது வேறப்பா."

"எல்லாம் கத்திதான்."

இரண்டு பேரும் என் காலைப் பற்றித்தான் பேசினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. ஒரு பக்கம் பார்த்தால் கவிதா சொல்வது சரி. இன்னொரு பக்கம், திறக்காமல் முடியும் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? நான் மட்டும் என்ன இரும்பா?

"பூக் கேட்டறலாம்," என்று நான்தான் சொன்னேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முடிவெடுக்க முடியாத காரியம் என்றால் அம்மனிடம் பூக் கேட்போம். போர்வெல் போடுவதற்கும் கேட்போம், பெண் எடுப்பதற்கும் கேட்போம். வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, தனித்தனியாக வாழையிலையில் பொட்டணம் கட்டி அம்மன் காலடியில் வைப்பது. வெள்ளை என்றால் இது, சிவப்பு என்றால் அது என்று மனதில் நினைத்துக்கொள்ள வேண்டும். கற்பூரம் காட்டிப் பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுப்பார். வந்ததைப் பிரித்துப் பார்ப்போம். வராததைப் பிரிப்பது மரியாதை இல்லை, அப்படியே கிணற்றில் போட்டுவிடுவோம். பொட்டணம் மடிப்பது வீட்டுப் பெரியவர் வேலை. மேட்டுக் காட்டில் தண்ணீர் இல்லை என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் அம்மன் பூக் கொடுத்துத்தான் போர்வெல் போட்டோம். இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். நம்பமாட்டேன் என்பவர்கள் நம்பவேண்டாம்.

வெள்ளை என்றால் ஊசி, சிவப்பு என்றால் திறப்பது. வெள்ளிக்கிழமை மாகாளியம்மன் கோவிலில் பூசாரி எடுத்துக் கொடுத்ததைப் பிரித்தேன். வெள்ளை.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. பொய் சொல்வானேன். கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மன் வாக்குக்கு எதிராக என்னத்தைப் பேசுவாள்?

கோயமுத்தூர் கிளினிக்கில் முதல் நாள் போனபோது எல்லாமே பளபளப்பு. சுவரில் டிவி. அதில் அதே அம்மா மாடிப்படி ஏறிக்கொண்டே இருந்தார். டாக்டர் இளவயசுக்காரர், நம் ஆள் மாதிரியே பேசினார்.

"கவலையே படாதீங்கம்மா. இது எங்களோட சொந்த முறைங்க. வேற எங்கயும் கெடையாது."

வேறு எங்கும் கிடையாது என்பதை அவர் பெருமையாகச் சொன்னார், நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டேன். இப்போதுதான் யோசிக்கிறேன். நல்ல வைத்தியம் என்றால் பத்து ஊர் டாக்டர்கள் செய்து பார்த்து, சரியாகிறதா என்று வருடக்கணக்கில் கவனித்து, ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கமாட்டார்களா?

இருந்தாலும் என் வாய் சும்மா இருக்காதே. "கிருமி இருக்குதான்னு தண்ணி எடுத்துப் பாக்க வேண்டாமுங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தேவையில்லீங்கம்மா. சிமெண்ட்லயே மருந்து இருக்குதுங்க."

"இதுக்கு முந்தி பண்ணிக்கிட்டவிய எல்லாம் இப்ப எப்படி இருக்காங்க?"

"ஓடறாங்கம்மா," என்று சிரித்தார்.

"ஓடறவிய ஒருத்தரோட போன் நெம்பர் குடுங்க, பேசிப் பாக்கறேன்."

அப்படிக் கொடுக்கக் கூடாதாம், சட்டமாம். எனக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. ஆனால் வெள்ளைப் பூ வந்துவிட்டதே! அம்மனைவிட எனக்கு அதிகம் தெரியுமா என்று அடக்கிக்கொண்டேன்.

சிமெண்டு ஊற்றும் நாள் வந்தது. வாடகைக் காரில் நானும் அவரும் மட்டும் போனோம். கவிதா கோபத்தில் வரவில்லை. உள்ளே என் சேலையை வாங்கிக்கொண்டு பச்சை அங்கியை மாட்டிவிட்டார்கள். முழங்காலில் பழுப்பு மருந்தைப் பூசினார்கள். அந்தப் பழுப்புக் காலைப் பார்த்தபோது முதல் முறையாக எனக்கு நடுக்கம் வந்தது. ஏசி குளிர் என்று நர்ஸிடம் சொன்னேன். குளிர் இல்லை, பயம். இந்தக் காலை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டோம், இனி என் கையில் ஒன்றும் இல்லை என்ற பயம். மாகாளி, மாகாளி என்று சொல்லிக்கொண்டு தள்ளுகட்டிலில் கிடந்தேன்.

அப்போது வெளியே சத்தம். "உள்ள போகக்கூடாதுங்க, சார், சார்!" என்று ஒரு பெண் கத்துகிறாள். கதவைத் தள்ளிக்கொண்டு இவர் உள்ளே வந்துவிட்டார். செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"எந்திரி அம்மிணி. ஊட்டுக்குப் போலாம்."

"என்னங்க ஆச்சு?"

"எந்திரிங்கறேன்ல. நாயம் பொறவு பேசிக்கலாம்."

"மருந்தெல்லாம் பூசிட்டாங்க. என்னன்னு சொல்லுங்க."

அவருக்கு மூச்சு வாங்கியது. வெளியே அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெண் இருந்தாராம், தாராபுரத்துப் பக்கம். அந்தப் பெண்ணின் வீட்டுக்காரரிடம் இவர் பேச்சுக் கொடுத்திருக்கிறார். அவர்களும் இளகின மூட்டுக்கு இங்கே சிமெண்டு ஊற்றிக்கொண்டவர்கள். போட்ட துளை மூடவே இல்லை, அதிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. திரும்ப ஊற்றலாம் என்று வரச் சொல்லியிருக்கிறார்கள். வேறு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது சிமெண்டு முழங்காலுக்குப் பின்னால் வழிந்து ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் இறுகிப்போயிருக்கிறதாம். அதைத் தொட்டு எடுக்கவே அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் யோசிக்கிறார்களாம்.

"அந்தப் பொம்பள கால நாங் கண்ணுல பாத்துட்டேன். வா போலாம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அம்மன் பூக் குடுத்திருக்குதுங்க. அவியளுக்கு ஆனது நமக்கு ஆகாது," என்றேன்.

இவர் தள்ளுகட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அம்மன் குடுக்கல அம்மிணி. நாங் குடுத்தது. ரெண்டு பொட்டணத்துலயும் வெள்ளப் பூத்தான் வெச்சு மடிச்சேன்."

நர்ஸ் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்று எப்படியோ கேட்டேன்.

"பயம். அண்ணனாட்ட நீயும் உள்ள போயிட்டு வராம போயிருவியோன்னு பயம். வேறொண்ணுமில்ல."

அட கெரகமே! இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியதில் இவர் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை. என் காலை வைத்து என்னையும் ஏமாற்றி அம்மனையும் ஏமாற்றியிருக்கிறார். அவர் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். டாக்டர் ஓடி வந்து சமாதானம் சொன்னார், பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நான் பழுப்புக் காலோடு சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஏனுங்க, அதுக்குள்ள முடிஞ்சுதுங்களா? வீடியோல சொன்னதவிட வேகமா இருக்குதுங்களே," என்றான் கார் டிரைவர்.

வேலந்தாவளம் தாண்டி வீடு வரும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. சரசு பேசாமல் வந்தாள் என்றால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அந்த வாரமே பாலக்காட்டு டாக்டரிடம் போய் நடந்ததை எல்லாம் சொன்னோம். பூ விஷயம் தவிர. அவர் திட்டவில்லை. மூட்டுக்குள் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார். மரத்துப்போக மருந்து கொடுத்துத்தான் எடுத்தார்கள், ஆனாலும் ஊசி நுழைந்து அழுத்தும்போது கட்டிலின் விளிம்பைப் பிடித்த என் விரல்கள் வெளுத்துவிட்டன. வந்த தண்ணீர் கலங்கலாக இருந்தது. அதைப் பரிசோதனைச் சாலையில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்ப்பார்கள். உடனே தெரியாது, பல நாள் ஆகும். அந்தக் காத்திருப்பை எழுத எனக்குத் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

கிருமி இருந்தது.

"அன்னைக்கு அங்க சிமெண்ட் ஊத்தியிருந்தா?" என்று கவிதா கேட்டாள்.

டாக்டர் எக்ஸ்ரேயில் அந்தக் கறுத்த கோட்டைத் தொட்டுக் காட்டினார். "அணுவை உள்ள வெச்சுப் பூட்டுப் போட்ட மாதிரி ஆயிருக்கும். எலும்பு முழுக்கப் பரவியிருக்கும். பின்ன நான் திறந்தாலும் கால் கிடைக்குமான்னு சொல்ல முடியாது."

கிருமி எப்படி வந்தது என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போன மழைக்குத் தோட்டத்தில் வெறுங்காலில் முள் ஏறி, குதிகால் பழுத்து, நானே ஊசியால் குத்திச் சீழ் எடுத்துக்கொண்டேன். அதைச் சொன்னேன். அதாக இருக்கலாம் என்றார். உடம்பில் எங்கே சீழ் பிடித்தாலும், பல்லில் பிடித்தாலும், ரத்தத்தோடு போய்ச் செயற்கை மூட்டில் உட்கார்ந்துகொள்ளுமாம். மூட்டு வைத்தவர்கள் சீழ் கண்டால் சும்மா விடக்கூடாது என்று முதலிலேயே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். முள் குத்தியதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நீங்கள் போங்கள்.

டாக்டர் சொன்ன இரண்டு ஆபரேஷனில் முதலாவதில் இளகின மூட்டை முழுக்க எடுத்து, கெட்டுப்போன எலும்பைச் சுரண்டி, மருந்துச் சிமெண்டுக் கட்டியை வைத்தார்கள். இங்கேயும் சிமெண்டா என்று நானும் கேட்டேன். இது எல்லாவற்றையும் எடுத்துக் கழுவிச் சுத்தம் செய்த இடத்தில் வைப்பது, மருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கக் கிருமி சாகும், வேலை முடிந்ததும் எடுத்துவிடுவோம் என்றார்கள். இப்படிச் செய்துதான் எத்தனையோ காலைக் காப்பாற்றியிருக்கிறார்களாம். கையில் ஒரு குழாய் வைத்து வாரக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். அதில் வாந்தி, வாய்ப்புண், எதைத் தின்றாலும் இரும்பை நக்குவது போல ஒரு ருசி. வார்டில் கோட்டயத்து நர்ஸ் ஒருத்தி வந்து "வேதனை உண்டோ அம்மே?" என்று கேட்கும்போதெல்லாம், உண்டு உண்டு, எல்லா வகையிலும் உண்டு என்பேன். அவள் சிரித்துக்கொண்டே தலையணையைச் சரி செய்வாள். செலவைப் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. அதை நினைத்தால் இந்தக் கால் இன்னும் வலிக்கும்.

அவ்வளவு நாளும் இவர்தான் கூட இருந்தார். கவிதா பள்ளிக்கூடம் முடிந்து வந்து கொஞ்ச நேரம் இருப்பாள். மற்றபடி எல்லாம் இவர்தான். மலம் எடுத்தார், உடம்பு துடைத்தார், தலை சீவிப் பின்னல் போடக் கற்றுக்கொண்டார். பின்னல் கோணலாகத்தான் இருக்கும். நான் வேண்டியதை மட்டும் சொல்வேன், வேறு பேசமாட்டேன். அவர் கையைப் பிடிக்கமாட்டேன். எழுந்து நிற்கவேண்டும் என்றால் நர்ஸைக் கூப்பிடுவேன், அவள் வரத் தாமதமானால் வாக்கரை இழுத்துப் பிடித்து நானே போராடுவேன். அவர் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

அவர் மனதில் இருந்தது எனக்குத் தெரியும். அம்மனை ஏமாற்றினதால்தான் கிருமி வந்தது என்று நம்பினார். ஒரு நாள் டாக்டரிடம் பூவைப் பற்றி அவரே சொல்லிவிட்டார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "அணு அதுக்கு முந்தியே உள்ள இருந்தது. எக்ஸ்ரேல அந்தக் கோடு முதல் நாளே கண்டோமில்லா?" என்று பொறுமையாகச் சொன்னார். இவர் தலையை ஆட்டினார். நம்பவில்லை.

வீட்டுக்கு வந்தோம். சிமெண்டுக் கட்டியோடு, மடங்காத காலோடு. மருந்தெல்லாம் முடிந்து, இரண்டு வாரம் விட்டு, திரும்ப மூட்டுக்குள்ளிருந்து தண்ணீர் எடுத்தார்கள். கிருமி இல்லை என்றால் புது மூட்டு வைப்பார்கள். அதன் தண்டு நீளமானது, எலும்புக்குள் ஆழமாக இறங்குவது. கிருமி இருந்தால் இன்னொரு முறை திறந்து கழுவவேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் காலைப் பற்றிப் பேசவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்தப் பேச்சு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

முடிவு வரும்வரை கொஞ்சமாவது மனதைத் திருப்பலாம் என்றுதான் இதை எழுத ஆரம்பித்தேன். எழுதினால் காலை மறந்திருக்கலாம் என்று நினைத்தேன். மறக்கவில்லை. ஒவ்வொரு வரி முடிந்ததும் போனைப் பார்த்தேன்.

இந்த இடம் வரை நேற்று மத்தியானம் எழுதிவிட்டு வைத்திருந்தேன். மிச்சத்தை இன்றைக்கு எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் என் போனில் சார்ஜ் போய்விட்டது. இவர் மாடு கட்டும் சாலையில் இருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தென்னைக்கு நடுவே ஓடி வருகிறார். அறுபத்தைந்தைத் தாண்டிய மனிதர், கால் முழுக்கச் சாணி, போனை ஒரு கையில் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு வருகிறார். முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நல்ல சேதி என்றாலும் இப்படித்தான் வருவார், கெட்ட சேதி என்றாலும் மறைத்துக்கொண்டு இப்படித்தான் வருவார். இவர் சொன்னால் எதை நம்புவது?

உள்ளே வந்து போனை என் மடியில் வைத்தார்.

"டாக்டரம்மா லைன்ல இருக்காங்க. நாங் கேக்கல அம்மிணி. எதுனாலும் அவகிட்டயே சொல்லுங்கன்னுட்டேன். நீயே கேளு."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

போனைக் காதில் வைத்தேன். "டாக்டரம்மா, சரசுங்க."

"ஆ, அம்மா. உங்க ஆளு என்னைச் சொல்லவே விடல. ஒண்ணும் வளரல, கேட்டோ. சுத்தம். அடுத்த வாரம் வந்து அட்மிட் ஆயிக்கோங்க, புது மூட்டு வெச்சிடலாம்."

அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். சாப்பாடு, ரத்தப் பரிசோதனை, மயக்க டாக்டர். எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றேன். போனை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். காதைப் பொத்தின கையை எடுக்கவில்லை. முதுகு மட்டும் குலுங்குகிறது. திரும்பவும் என்னைத் திறக்கப் போகிறார்கள், திரும்பவும் வாசலில் நிற்கப் போகிறார். ஆனாலும் என்னை ஏமாற்றக்கூடாது என்று சேதியைக் கூடக் கேட்காமல் கொண்டுவந்து என் மடியில் வைத்திருக்கிறார் இந்த மனிதர்.

"ஏனுங்க," என்றேன். கேட்கவில்லை. பலகையை எடுத்துத் தரையில் போட்டேன். அந்தச் சத்தத்துக்குத் திரும்பினார்.

"கையக் குடுங்க. எந்திரிக்கோணும்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்து கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு எழுந்தேன். காலில் பாரம் போடாமல் அவர் மேல் முழுக்கச் சாய்ந்து நின்றேன்.

"என்ன சொன்னாங்க?"

"கிருமி இல்லீங்களாம். புது மூட்டு வெக்கறாங்களாம்."

"நெசமாவா?"

"நெசந்தானுங்க. பொய் சொல்றதுக்கு நானென்ன உங்களாட்டவா?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கும் அழுகை வந்துவிட்டது.